பூட்டிய வீடுகளின் சராசரி

பாட்டில் ஆலை மூடிய நான்காம் வருடம், மழை பெய்து ஓய்ந்த ஒரு மாலை ஆறேகால் மணிக்கு, ஆலைக் குடியிருப்பில் பூட்டிக் கிடந்த நூற்றுப் பதினோரு வீடுகளிலும் விளக்கு எரிந்தது. எந்த வீட்டிலும் ஆள் இல்லை. சுவிட்சுகள் அணைத்தபடியே இருந்தன. பாதிப் பேர் ஊரைவிட்டுப் போகும்போது ஃபியூஸைக்கூடப் பிடுங்கிப் பெட்டியில் போட்டுக்கொண்டு போயிருந்தார்கள். அந்த வீடுகளிலும் எரிந்தது. சில வீடுகளில் ஃபேன் சுற்றியது. பார்த்தவர்கள் இரண்டே பேர். ஒருவர், மூடிய ஆலையைக் காக்க நீதிமன்றம் நியமித்திருந்த கேட் காவலாளி. அவர் "கரண்ட் வந்துருச்சு போல" என்று சொல்லிவிட்டு டீ போடப் போய்விட்டார். இன்னொருவர் அந்தக் குடியிருப்பில் மீட்டர் பார்க்கும் மின்வாரிய ஊழியர். அவரை ஊரே ரீடிங் என்றுதான் கூப்பிட்டது. மனைவி மட்டும் ஏங்க என்பாள். ரீடிங் தெரு நடுவில் குடையை மடக்க மறந்து கொஞ்ச நேரம் நின்றார். பிறகு சட்டைப் பையிலிருந்த நோட்டை எடுத்துப் புரட்டினார். அந்த மாதம் அவர் எழுதியிருந்தபடிதான் எல்லாம் நடந்துகொண்டிருந்தது.

ஆலை ஓடிய நாற்பத்தோரு வருடமும் அதன் உலை ஒரு நாள்கூட அணைந்ததில்லை. கண்ணாடிக் குழம்பு ஒரு முறை ஆறிவிட்டால் உலையை உடைத்துத்தான் எடுக்க வேண்டும் என்பதால் வேலைநிறுத்தத்தின்போதுகூடச் சங்கத்தார் இரண்டு பேரை உள்ளே அனுப்பி நெருப்பைக் காப்பாற்றினார்கள். அப்படிக் காப்பாற்றிய உலையைப் பிளாஸ்டிக் பாட்டில் அணைத்தது. மருந்துக் கம்பெனிகள் முதலில் மாறின, பிறகு எண்ணெய்க் கம்பெனிகள், கடைசியில் ஆலையின் சொந்த கேன்டீனிலேயே தண்ணீர் பிளாஸ்டிக் பாட்டிலில் வந்தது. அன்றைக்கே புரிந்திருக்க வேண்டும், யாருக்கும் புரியவில்லை. மூடிய பிறகு வழக்கு நீதிமன்றத்துக்குப் போயிற்று. தீர்ப்பு வரும்வரை குடியிருப்பின் மின் இணைப்பைத் துண்டிக்கக் கூடாது என்று ஓர் ஆணை மட்டும் வந்தது. அதற்குள் காலை ஏழு மணிப் பேருந்து ஊரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றிக்கொண்டு போய்விட்டது. ஆறு மணி நேரப் பயணத்தில் இருந்தது பெருநகரம். அங்கே கட்டடங்கள் எழும்பிக்கொண்டிருந்தன, வேலை கிடைத்தது, இல்லையென்றாலும் கிடைக்கும் என்று சொல்ல ஆள் இருந்தது. பேருந்தின் படியில் கால் வைக்கும்போது எல்லோரும் ரீடிங்கிடம் ஒரே வார்த்தையைத்தான் சொன்னார்கள். "வீட்டைப் பாத்துக்கோங்க."

அவர் பார்த்துக்கொண்டார். அதற்குமேல் என்ன செய்வது என்று அவருக்குத் தெரியவில்லை. ஆலைக்கும் வாரியத்துக்கும் இருந்த பழைய ஒப்பந்தப்படி குடியிருப்புக்கு மின்சாரம் இலவசம், யாருக்கும் பில் கிடையாது. ஆனாலும் மாதத்தின் முதல் தேதி வீடு வீடாகப் போய் மீட்டரைப் பார்த்து எழுதி மேலிடத்துக்கு அனுப்ப வேண்டும் என்பது விதி. இருபத்தாறு வருடமாக அவர் அதைச் செய்துவந்தார். அந்த வேலைக்காகவே முப்பத்தோராம் எண் வீட்டை அவருக்கு ஒதுக்கியிருந்தார்கள். ஆள்கள் போகப் போக அவர் நோட்டில் 'கதவு பூட்டு' என்ற இரண்டு சொற்கள் பெருகின. நான்காம் வருடம் வாரியத்திலிருந்து சுற்றறிக்கை வந்தது: பாதிக்கு மேல் பூட்டிய வீடுகள் உள்ள மீட்டர் லைன்கள் மூடப்படும், ஊழியர் வேறு ஊருக்கு மாற்றப்படுவார், வீட்டை ஒப்படைக்க வேண்டும். ஓய்வுக்கு ஐந்து வருடம் இருந்தது. அவர் போய்விட்டால் வீட்டைப் பார்த்துக்கொள்ள யார் இருக்கிறார்கள்? விதிப் புத்தகத்தில் இன்னொரு வரியும் இருந்தது. கதவு பூட்டியிருந்தால் பழைய ரீடிங்குகளின் சராசரியை எழுதலாம். அந்த முதல் தேதி அவர் வீட்டிலேயே உட்கார்ந்து நூற்றுப் பதினோரு வீடுகளுக்கும் சராசரி எழுதினார். பழைய நோட்டைப் புரட்டக்கூட இல்லை, எல்லாம் மனப்பாடம். உலைக்காரர் இரவு ஷிஃப்ட் முடித்துவிட்டுப் பகலில் தூங்குகிறவர், பதினொன்றிலிருந்து மூன்றுவரை ஃபேன் ஓடும், அவர் வீட்டுக்கு எழுபத்து நான்கு. பாட்டிலை வெளிச்சத்தில் சுழற்றி விரிசல் பார்க்கும் அம்மாவுக்குப் பல்லி என்றால் உயிர் போய்விடும், விடிய விடியச் சமையலறை விளக்கு எரியும், அவர் வீட்டுக்கு ஐம்பத்திரண்டு. இப்படியே ஒவ்வொரு வீடும்.

கடைசியாக முப்பத்தொன்று. அவருடைய மனைவி, மகளின் பிரசவத்துக்காக மூன்று மாதம் இருந்துவிட்டு வருகிறேன் என்று பெருநகரத்துக்குப் போனவள். குழந்தை பிறந்தது, தவழ்ந்தது, நடந்தது. அவள் வரவில்லை. அவள்மேல் குற்றமில்லை. மகள் வீட்டிலேயே தையல் மெஷின் போட்டு மொத்த வியாபாரிக்குத் தைத்துக்கொண்டிருந்தாள், மருமகன் விடிந்ததும் பொட்டலங்களைத் தூக்கிக்கொண்டு வண்டியில் கிளம்பினால் திரும்ப இரவாகும். குழந்தையைப் பிடிக்க ஆள் வேண்டும். ரீடிங் ஒண்டியாகச் செலவழித்தது மாதம் பத்தொன்பது யூனிட். அதை எழுத அவருக்குக் கை வரவில்லை. பத்தொன்பது என்று எழுதினால் அது ஆளில்லாத வீடு என்று ஒத்துக்கொண்டதாகிவிடும். மூன்று பேர் இருந்த காலத்தில் எழுதியதையே எழுதினார். தொண்ணூற்றாறு.

எழுதியதை எழுதியபடி மீட்டர்கள் பின்தொடர்ந்தன. மாதம் முடிவதற்குள் ஒவ்வொரு மீட்டரும் அவர் நோட்டிலிருந்த எண்ணை மிகச் சரியாக வந்து தொட்டது. ஞாபகமறதியாக இரண்டு யூனிட் கூட எழுதிவிட்டால், கடைசி நாள் அந்த வீட்டில் பகலிலும் விளக்கு எரிந்து பாக்கியைத் தீர்த்தது. உலைக்காரர் வீட்டு ஃபேன் பதினொன்றுக்குக் கிளம்பி மூன்றுக்கு நின்றது. முப்பத்தோராம் எண் வீட்டில் மாலை ஏழிலிருந்து ஒன்பதுவரை மகள் படிக்கும் அறையில் விளக்கு எரிந்தது. காலை ஏழு மணிக்குச் சமையலறையில் மிக்ஸி தானாக ஓடி, பத்து நிமிடத்தில் நின்றது. ஜாரில் ஒன்றும் இருக்காது. ஆனால் சத்தம் அவளுடைய சத்தம்தான். பிளேடு லேசாக வளைந்திருந்ததால் நடுவில் ஒரு கரகரப்பு வரும். மாற்றித் தாருங்கள் என்று அவள் எட்டு வருடம் கேட்டு, அவர் எட்டு வருடமும் தலையாட்டியிருந்தார். முதல் நாள் அந்தக் கரகரப்பைக் கேட்டபோது ரீடிங் பல் தேய்த்துக்கொண்டிருந்தார். வாயைக்கூடக் கொப்பளிக்காமல் சமையலறை வாசலில் வந்து நின்றுவிட்டார். அவருக்குப் பயம் வரவில்லை. இரண்டு வருடத்தில் முதல் தடவையாக வீட்டில் யாரோ இருப்பதுபோல் இருந்தது.

அதன்பின் மாலை நேரங்களில் சவரம் செய்து, துவைத்த சட்டை போட்டுக்கொண்டு தெருவில் இரண்டு நடை நடப்பது அவருக்கு வழக்கமாயிற்று. வெளிச்சமான ஜன்னல்களுக்கு நடுவே நடக்கும்போது மனசு நிறைந்தது. சில வீட்டு வாசலில் நின்று நலம் விசாரித்துவிட்டுப் போவார். உள்ளேயிருந்து பதில் வராததை அவர் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆலை ஓடிய காலத்திலும் டி.வி. போட்டுவிட்டால் யார் பதில் சொன்னார்கள்? அடுத்த வருடம் மாநிலத்தின் தொழில் நிலவரத்தை ஆராய ஓர் அம்மா காரில் வந்தார். புள்ளிவிவரத் துறை. பையில் இருந்த வரைபடத்தில் பெருநகரம் ஒரு பெரிய சிவப்புத் திட்டாக வீங்கியிருந்தது, சுற்றியிருந்த பழைய தொழில் ஊர்கள் எல்லாம் ஊசி குத்திய அளவுக்கு வந்திருந்தன, இந்த ஊர் மட்டும் நாற்பது வருடத்துக்கு முன்பிருந்த அதே அளவில் உட்கார்ந்திருந்தது. வீடுகளின் மின்சாரம் ஒரு யூனிட்கூடக் குறையவில்லையே, எப்படி என்று பார்க்கத்தான் வந்தார். மாலையில் தெருவில் நடந்தார். எல்லா வீட்டிலும் விளக்கு, ஃபேன். பன்னிரண்டு கதவைத் தட்டினார், ஒருவரும் திறக்கவில்லை. "நல்லா இருக்கிற ஊர்ல ஜனங்களுக்குக் கொஞ்சம் திமிரும் இருக்கும்" என்று டிரைவரிடம் சொல்லிக்கொண்டே ஏறினார். அவருடைய அறிக்கையில் இந்த ஊர் நலமாக உள்ளது என்று அச்சாயிற்று. ஆலைக்குப் பதிலாக வேறு தொழில் வேண்டும் என்று பெருநகரத்திலிருந்தபடியே பழைய சங்கத்தார் கொடுத்திருந்த மனுவை, அந்த அறிக்கையைக் காட்டித் திருப்பி அனுப்பினார்கள். ரீடிங்குக்கு இது தெரியாது.

ஆறாம் வருடம் மகள் போன் செய்தாள். மறுபடி வீடு மாற்றுகிறோம், சாமான் தூக்க ஆளில்லை, ரெண்டு நாள் வந்துவிட்டுப் போங்கள் என்றாள். நான்கு வருடத்தில் அது நான்காவது வீடு. ரீடிங் ஏழு மணிப் பேருந்தில் ஏறினார். பத்துக்குப் பன்னிரண்டு அறை, மூன்றாம் மாடி, ஜன்னலைத் திறந்தால் எதிர்வீட்டு ஜன்னல். குழந்தை அவரைப் பார்த்ததும் மெஷினுக்கு அடியில் போய் ஒளிந்துகொண்டது. மனைவி இளைத்திருந்தாள். "என்னங்க, சட்டையெல்லாம் தேய்ச்சுப் போட்டிருக்கீங்க, ஊர்ல யாரைப் பாக்க?" என்று கேட்டுச் சிரித்தாள். ஏன் வீடு மாற்ற வேண்டும் என்று ரீடிங் கேட்டதற்கு மகள் பாத்திரங்களை எடுத்துக் கட்டினாள். வீட்டுக்காரர்தான் சொன்னார். மாடிப்படியில் நின்றுகொண்டு, யாரையும் பார்க்காமல் சுவரைப் பார்த்துச் சொன்னார்.

"கோவிச்சுக்காதீங்க. உங்க ஆலைக்காரங்க குடி வந்தாலே இதே கதைதான். மொத்தக் கட்டடத்துலயும் கரண்ட் இருக்கும், உங்க ரூம்ல மட்டும் இருக்காது. நாலு எலெக்ட்ரீஷியன் வந்து பாத்துட்டான். அடுத்த வீட்டுக்காரன் பயப்படுறான். நான் என்ன பண்ணட்டும்?"

சாமான் தூக்க வந்தவர்களில் உலைக்காரரும் இருந்தார். இருபது வருடம் நெருப்பின் எதிரில் நின்றவர் இப்போது குளிரூட்டிய துணிக்கடை ஒன்றில் இரவுக் காவலாளி, மழைக்காலத்தில் பார்ப்பதுபோல் கழுத்தில் மஃப்ளர் சுற்றியிருந்தார். பீரோவை இறக்கி வைத்துவிட்டு மூச்சு வாங்கியபடி ரீடிங்கிடம் முறையிட்டார். "பகல்ல தூங்க முடியல, ரீடிங்கு. சொல்லி வச்ச மாதிரி பதினொரு மணிக்கு ஃபேன் நிக்குது. மூணு மணிக்குத்தான் சுத்துது. நான் எந்திரிக்கிற நேரம் அது. என்ன பாவம் பண்ணேனோ தெரியல." விரிசல் பார்க்கும் அம்மாவுக்கு ராத்திரி முழுக்க விளக்கே கிடையாதாம், மெழுகுவத்தி வாங்கி மாளவில்லையாம், பல்லிக்குப் பயந்து விடிய விடிய உட்கார்ந்திருக்கிறாராம். ரீடிங் பீரோவின் ஒரு மூலையைப் பிடித்தபடி அப்படியே நின்றார். பதினொன்று, மூன்று. அந்த நேரங்களை அவரைவிட நன்றாக அறிந்தவர் யாருமில்லை. ஓர் ஆளுடைய மின்சாரம் ஓர் ஆளுக்குத்தான், அது இரண்டு வீட்டில் எரியாது. இவ்வளவுதான் விஷயம்.

அன்று மாலை புது அறையில் ஏழு மணிக்கு மகளின் மெஷின் நின்றது. பக்கத்து அறைகளில் வெளிச்சம் இருந்தது. மகள் பழகிப்போனவளாகத் துணியை மடித்து வைத்துவிட்டு, இருட்டிலேயே சுவரில் சாய்ந்தாள். "ஒம்பதுக்கு வந்துரும்ப்பா. நீங்க சாப்பிடுங்க" என்றாள். பள்ளிக்கூடச் சீருடை ஐந்நூறு உருப்படி தர வேண்டியது பாதிகூட முடியவில்லை என்றும், மெஷின் கான்ட்ராக்டருடையது, இப்படியே போனால் வேறு யாருக்காவது தூக்கிக் கொடுத்துவிடுவார் என்றும் மனைவி மெல்லிய குரலில் சொன்னாள். ரீடிங் தட்டைப் பார்த்தபடி இருந்தார். பத்தாம் வகுப்பிலிருந்து மகள் ஏழிலிருந்து ஒன்பதுவரை படித்த அறையின் விளக்கு, இந்த நேரம் ஊரில் எரிந்துகொண்டிருக்கும். மறுநாள் அவர் கிளம்பிவிட்டார். இன்னும் ரெண்டு நாள் இருங்கள் என்று சொல்ல எல்லோருக்கும் ஆசைதான். ஆனால் அவர் காலை நீட்டிப் படுக்க அந்த அறையில் இடமில்லை, முதல் நாள் மாடிப்படி ஓரத்தில்தான் படுத்திருந்தார்.

அந்த முதல் தேதி அவர் நோட்டை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போனார். ஒவ்வொரு வாசலிலும் நின்று கதவைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் பூஜ்யம் எழுதினார். லைனை மூடுவார்கள், வீட்டைப் பிடுங்குவார்கள் என்று தெரியும், தெரிந்தேதான் எழுதினார். உலைக்காரர் வீட்டு வாசலில், தன்னையறியாமல் "மன்னிச்சுக்கப்பா" என்றார். மாலை ஆறேகாலுக்குத் தெரு இருண்டு கிடந்தது. காவலாளி "கரண்ட் போயிருச்சு போல" என்று சொல்லிவிட்டுப் படுத்துவிட்டார். ரீடிங் அன்று சவரம் செய்துகொள்ளவில்லை. வீட்டுக்கு வந்து முப்பத்தோராம் எண்ணுக்கு நேராகப் பேனாவை வைத்தார், வெகுநேரம் வைத்திருந்தார். பிறகு தொண்ணூற்றாறு என்று எழுதினார். எழுதியதும் அவருக்கே அசிங்கமாக இருந்தது. அடித்துத் திருத்த ஒரு நொடி போதும், திருத்தவில்லை. நூற்றுப் பதினோரு வீட்டை விட்டுக்கொடுத்தவருக்கு அந்த ஒரு வீட்டை விட முடியவில்லை. மாலை ஏழு மணிக்குப் படிக்கும் அறையில் விளக்கு வந்தபோது அவர் அந்தப் பக்கம் திரும்பவில்லை.

பெருநகரத்தில் ஆலைக்காரர்களின் அறைகளில் மின்சாரம் நிற்காமல் இருந்தது. உலைக்காரர் போனில் கூப்பிட்டு, நாலு நாளாகப் பிணம் மாதிரி தூங்குகிறேன் என்று சந்தோஷமாகச் சொன்னார். விரிசல் பார்க்கும் அம்மா மெழுகுவத்திகளைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிட்டார். ரீடிங்கின் மகள் அறையில் மட்டும் எதுவும் மாறவில்லை. மாதத்தின் கடைசி வாரத்தில் ஒரு நாள் காலை, வழக்கத்துக்கு மாறாக மனைவி போன் செய்தாள்.

"ஏங்க, ஒண்ணாந்தேதி மெஷினை எடுத்துட்டுப் போயிருவேன்னு அந்த கான்ட்ராக்டர் சொல்லிட்டுப் போறாருங்க. மத்தவங்களுக்கெல்லாம் சரியாயிருச்சு. நமக்கு மட்டும் ஏன்னு தெரியல. எம் பொண்ணு வாயத் திறந்து ஒண்ணும் சொல்ல மாட்டேங்கிறா. ராத்திரி ஒம்பதுக்கு உக்காந்தா விடியிற வரைக்கும் தைக்கிறா. இதோ பாருங்க, இப்பவும் நின்னுபோச்சு. காலையில ஏழு மணியானா என் மிக்ஸியும்..."

அவர் பதில் சொல்வதற்குள் இங்கே சமையலறையில் மிக்ஸி ஓட ஆரம்பித்தது. அவர் போனைக் கையால் பொத்தினார், தாமதமாகிவிட்டது.

"அது என்ன சத்தம்? மிக்ஸியா? ஏங்க, காலங்காத்தால நம்ம வீட்டுல யாரு அரைக்கிறா?"

அவள் குரலில் இருந்த சந்தேகத்தைக் கேட்டு வேறு சமயமாக இருந்தால் ரீடிங் பெருமைப்பட்டிருப்பார். அவருக்குப் பொய் வரவில்லை.

"நீதான்" என்றார்.

மிக்ஸி ஓடியது. நடுவில் அந்தக் கரகரப்பு வந்தது. எட்டு வருடம் மாற்றச் சொல்லிக் கேட்ட பிளேடின் சத்தம் அவளுக்குத் தெரியாதா? அவள் பத்து நிமிடமும் போனைக் காதிலேயே வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தாள். அது நின்ற பிறகு, பாப்பா படிக்கிற ரூமில் லைட்டும் எரிகிறதா என்று கேட்டாள். ஏழிலிருந்து ஒன்பதுவரை என்றார். எத்தனை வருடமாக என்றாள். சொன்னார். தனியாக இருக்கப் பிடிக்கவில்லை என்றும் சொன்னார், அதை அவர் அவளிடம் அதுவரை சொன்னதில்லை. அவள் அழுகிறாள் என்று நினைத்தார். சிரித்தேன் என்று பின்னாளில் அவள் சாதித்தாள். இரண்டும் இருந்திருக்கலாம்.

"லைட்டை எழுதாதீங்க" என்றாள் கடைசியில். "அது அவ பொழப்பு. ஃபேனும் வேண்டாம், கொழந்தைக்கு வேர்க்குது."

"எழுதல."

"மிக்ஸி..." என்று இழுத்தாள். "மிக்ஸிய ஞாயித்துக்கிழமை மட்டும் வச்சுக்கோங்க. ஞாயித்துக்கிழமை அவ தைக்கிறதில்ல. நானும் அன்னிக்கு ஒண்ணும் அரைக்கல."

முதல் தேதி அவர் முப்பத்தொன்றுக்கு நேராக இருபது எழுதினார். பத்தொன்பது அவருடையது, ஒன்று அவளுடையது. நான்கு ஞாயிற்றுக்கிழமைக்குப் பத்துப் பத்து நிமிடம் என்றால் ஒரு யூனிட்டில் பாதிகூட ஆகாது. ஆனால் வாரியத்தின் நோட்டில் பின்னம் எழுத இடமில்லை. கூடுதலாக எழுதியதைத் தீர்க்க மிக்ஸி ஞாயிறுதோறும் அரை மணி நேரம் ஓட வேண்டியதாயிற்று. மகளின் மெஷின் அவளிடமே இருந்தது. சீருடைகள் ஒரு வாரம் தாமதமாகப் போய்ச் சேர்ந்தன, கான்ட்ராக்டர் திட்டிவிட்டு அடுத்த வேலையைக் கொடுத்தார். தலைநகரத்தில், புள்ளிவிவரத் துறையில்தான் கொஞ்சம் கலவரம். நாற்பது வருடம் அசையாமல் இருந்த ஊர் ஒரே மாதத்தில் வரைபடத்திலிருந்து காணாமல் போய்விட்டது. அந்த மாதத்தில் அங்கே என்ன நடந்தது என்று கண்டறிய ஐந்து பேர் கொண்ட குழு அமைக்கப்பட்டது. விசாரணை முடியும்வரை அந்த லைனை மூடவோ ஊழியரை மாற்றவோ கூடாது என்று குழு முதல் கூட்டத்திலேயே உத்தரவிட்டது. இரண்டாம் கூட்டம் இன்னும் நடக்கவில்லை. ரீடிங் மாதாமாதம் நூற்றுப் பதினோரு பூஜ்யங்களையும் ஓர் இருபதையும் எழுதி அனுப்பிக்கொண்டிருந்தார். ஓய்வு பெறும் தேதி வந்து போனதை யாரும் கவனிக்கவில்லை, அவரும் ஞாபகப்படுத்தவில்லை. மாலையில் இருட்டுத் தெருவில் டார்ச்சோடு ஒரு நடை போய் வருவார். எந்த வாசலிலும் நிற்பதில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் மட்டும் சவரம் செய்து, துவைத்த சட்டை போட்டுக்கொண்டு சமையலறையில் நாற்காலி போட்டு உட்காருவார். ஏழு மணிக்கு மிக்ஸி ஓடும். அதே நேரம் பெருநகரத்தில், மகளின் புது அறையில், அவள் காலி மிக்ஸியின் சுவிட்சைப் போடுவாள். அது ஓடாது. ஓடாத மிக்ஸியின் மூடிமேல் கையை வைத்து அழுத்திக்கொண்டு நிற்பாள். என்ன பாட்டி பண்றே என்று பேரன் கேட்டால், தாத்தா வீட்ல அரைச்சுக்கிட்டு இருக்கேன் என்பாள். அவனும் சரி என்று விளையாடப் போய்விடுவான். ஏழரைக்கு இங்கே நிற்கும், அங்கே ஓட ஆரம்பிக்கும். அவள் சுவிட்சை அணைத்துவிட்டு அடுத்த வேலையைப் பார்ப்பாள்.